அலமாரிக்குள் வைத்த சோறு

நர்ஸாக இருந்த அம்மாவுக்கு சவுதியில், தம்மாம் நகரில், மருத்துவமனை தந்த வீட்டில் நாங்கள் குடியேறியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். உள்ளறையில் சுவரோடு பதித்த ஒரு துணி அலமாரி. அதன் மேல்தட்டின் பின்பலகையில், விளக்குப் புகை படிந்ததுபோல் நீளவாக்கில் ஒரு கரிக்கறை. அம்மா சோப்பு போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. அதை மறைத்து மாதா சுரூபத்தை வைத்தாள். மாதாவை மறைத்துப் போர்வைகளை அடுக்கினாள். வெளியே கோயில் இல்லாத ஊர் அது.

பள்ளி நூலகத்திலிருந்து ரோமானியரைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். அவர்களுக்கு ஊருக்குப் பொதுவாகப் பெரிய கோயில்கள். அதுபோக வீட்டுக்கு வீடு கதவு வைத்த சிறு மாடம். அதிலிருக்கும் சாமி வீட்டோடு சேர்ந்தது. குடியிருப்பவர்கள் போனாலும் அது போகாது. சாப்பாட்டு வேளையில் அதன் பங்கை வைத்துவிட வேண்டும். படமும் இருந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தின் சாமி படங்கள் எல்லாவற்றையும் போல அதையும் யாரோ கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். மாடம் தெரிந்தது, உள்ளே இருப்பது தெரியவில்லை. நீளவாக்கில் ஒரு கறுப்பு மட்டும்.

அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் தங்கைக்குக் காய்ச்சல். அப்பா தொலைவில், யான்பு ஊரில், கட்டட வேலை சைட்டில். அம்மா லீவு போட்டு உள்ளறையில் அவள் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்பது நர்ஸுக்கே பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. நாங்கள் வந்ததிலிருந்து அந்தக் கறுப்புக்கு யாரும் சோறு வைக்கவில்லை. மதியம் என் தட்டிலிருந்து முதல் பிடியை மீன் குழம்போடு கிண்ணத்தில் எடுத்து, நாற்காலியில் ஏறி, மாதாவுக்குப் பின்னால் வைத்தேன். மாதாவுக்கு வருத்தம் வேண்டாமென்று அவர் பக்கம் ஒரு பிஸ்கட்.

அந்தியில் ஜெபம் சொல்லப் போர்வைகளை விலக்கிய அம்மாவின் கை அப்படியே நின்றது.

"இத யாரு வச்சது?"

"நான்தான்."

"ஒனக்கு யாரு சொன்னா, மக்ளே? இங்க யாராச்சும் வந்தாவளா? ஒரு அக்கா வந்தாளா?"

"யாரும் வரல்ல. ரோமாக்காரங்க இப்படித்தான் வைப்பாங்க. வீட்டுச் சாமிக்கு."

"பிஸ்கட்டு எனக்கு," என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமல்.

அம்மா சிரிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. கட்டிலைப் பார்த்தாள், பிறகு கரியைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கிண்ணத்தை அம்மாவே வைத்தாள். காய்ச்சல் இறங்கிய பிறகும் நிறுத்தவில்லை. ரோமாபுரிச் சாமியை அம்மா நம்பிவிட்டாள் என்று எனக்குப் பெருமை.

எங்களுக்கு முன் அங்கே குடியிருந்த நர்ஸ், அந்த அறையில் காய்ச்சலில் போன தன் குழந்தைக்கு அதே தட்டில் விளக்கேற்றிச் சோறு வைத்துவந்தாராம். ஊர் திரும்பிப் பல வருடம் கழித்துத்தான் அம்மா அதைச் சொன்னாள். அன்று, அம்மா வைத்த சோற்றில் குழம்பு இல்லாததையும், பருப்பும் நெய்யும் விட்டு விரலால் மசித்திருந்ததையும் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சாமிக்குக் காரம் ஆகாதுபோல என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.