முன் ஃபோர்க்கில் எழுதியிருந்த சொல்

மகள் சென்னையிலிருந்து அனுப்பிய சைக்கிள், ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே இணையத்தில் பார்த்து அனுப்பிவிட்டாள். நான் அதைத் தொடவில்லை. வேலைக்குப் போக வாசலுக்கே மில் வேன் வந்து ஆரன் அடிக்கும்போது, ஐம்பத்து மூன்று வயதில் எவனாவது சைக்கிளை மிதிப்பானா?

ஒரு திங்கட்கிழமை வேன் வரவில்லை. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். எங்கள் துறைமுக ஊருக்கு மேற்கே இருக்கிற சின்னப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், திருநெல்வேலி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சின்ன நூல் மில் எங்களுடையது. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். கேட்டில் தாள் ஒட்டியிருந்தார்கள். மறு அறிவிப்பு வரும் வரை கதவடைப்பு. எங்களில் ஒருவன் அதைச் சத்தம் போட்டுப் படித்தான், ஆனால் கதவடைப்பு என்று படிக்கவில்லை. "லாக்கவுட்டுலே!" என்றான். எங்கள் ஊரில் அது ஆங்கிலச் சொல்லே கிடையாது. கைநாட்டு வைப்பவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். வேலை போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. வாய்க்குள் போன கவளத்தை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மற்றவர்கள் நின்று கத்தினார்கள். நான் என் மனைவியை நினைத்தேன். அதற்கு மூன்று வாரம் முன்புதான் அவளுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு அவங்களுக்கு எந்த அதிர்ச்சியும் வரக்கூடாது, நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். டாக்டர்கள் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் எனக்கு அது கோர்ட்டில் வாங்கிய தீர்ப்பு மாதிரி மனதில் விழுந்துவிட்டது. நான் சொல்வேன், அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வாள். கேட்டிலிருந்து வீடு வரும்வரை பஸ்ஸில் இதே காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது.

அதனால் வேன் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் சைக்கிளின் போர்வையை உருவினேன்.

"சர்க்கரைக்கு டாக்டர் மிதிக்கச் சொன்னதுதான? இனிமே மில்லுக்கு இதுலதான் போகப் போறேன்" என்றேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். "இப்பவாவது புத்தி வந்துச்சே. மகள்ட்ட போன் போட்டுச் சொல்லுதேன்" என்றாள். பேப்பரை நிறுத்தினேன், கண்ணுக்கு வேலை வேண்டாம் என்று அவளுக்குச் சொன்னேன். சம்பள நாளில் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கூட வேலை பார்த்தவர்களிடம் வீட்டுக்கு வரவோ போன் போடவோ வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அவர்களெல்லாம் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் துறைமுகத்து ஆட்கள், மில்லைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. பொய் சொல்ல இவ்வளவு வசதியான தெருவை நான் பார்த்ததில்லை.

தெருமுனைக் கடைக்காரர்தான் சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், பேச்சை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "அண்ணாச்சி, இது ஹைப்ரிட்டு. ரோட்டு சைக்கிளும் இல்ல, மல சைக்கிளும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல" என்றார். பிறகு முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் வலதுகால் உச்சியில் இருந்த நீலத் திருகைக் காட்டினார். "இதத் தெறந்து வச்சா ஷாக் வேல செய்யும், குண்டு குழில கை வலிக்காது. நல்ல ரோட்டுல இப்படித் திருப்பிப் பூட்டிரணும். இல்லன்னா நீங்க மிதிக்கிற மிதி பூரா அந்த ஸ்பிரிங்குக்குள்ளதான் போவும். குழி வந்தா மறக்காமத் தெறந்துருங்க, என்ன?"

தினமும் எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். தெருமுனையில் நான் திரும்பும்வரை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதனால் முதலில் மேற்கே, திருநெல்வேலி சாலைப் பக்கம் திரும்புவேன். நாலு தெரு சுற்றி வந்து துறைமுகச் சாலையைப் பிடிப்பேன். அங்கே கன்டெய்னர் யார்டுகள், கிடங்குகள், உப்புக் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கேட்டிலும் நின்று, ஸ்டோரில் ஆள் வேண்டுமா, எடைமேடையில் வேண்டுமா என்று கேட்பேன். வாட்ச்மேன்கள் முதலில் என் தலைமுடியைப் பார்ப்பார்கள், பிறகு சைக்கிளைப் பார்ப்பார்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள். கடலுக்குப் போகிறவர்களே அந்தத் தென்மேற்குக் காற்றைத் திட்டுவார்கள், எதிரே மிதிக்கிறவன் கதியைச் சொல்லவே வேண்டாம். லாரிகள் தோளை உரசிக்கொண்டு போகும். எழுந்து நின்று மிதித்தால் சைக்கிளின் முன்பக்கம் மேலும் கீழும் தலையாட்டும். எங்கே போனாலும் ஆகட்டும் பார்க்கலாம் என்று தலையாட்டிய ஆபீஸ்காரர்களின் ஞாபகம்தான் வரும். நீலத் திருகைப் பூட்டியதும் அந்த ஆட்டம் நிற்கும், மிதித்தது சக்கரத்துக்குப் போகும். அந்த நாட்களில் நான் செய்து பலன் கண்ட ஒரே காரியம் அதுதான்.

மத்தியானம் சாலையை விட்டு இறங்கி, உப்பளத்து வரப்பில் உருட்டிக்கொண்டு போவேன். பனையோலை போட்டு மூடிய உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒரு நாள் அப்படிச் சாப்பிடும்போதுதான் அதைக் கவனித்தேன். திருகுக்குக் கீழே, ஃபோர்க்கின் காலில் ஒரு ஸ்டிக்கர். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், லாக்கவுட்.

இத்தனை நாளும் அதை நேரே பார்த்துக்கொண்டுதான் மிதித்திருக்கிறேன். அவள் தினமும் துணியை வைத்து அந்த சைக்கிளைத் துடைக்கிறாள். பைத்தியக்காரத்தனம்தான், எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. வீட்டுச் சாவியை எடுத்து, வெள்ளை பூத்த அந்த வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, ஸ்டிக்கரைச் சுரண்டினேன். ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் சுரண்டிய பிறகுதான் மூச்சு வந்தது. பெயின்டும் சேர்ந்து போயிருந்தது. கல் பட்டுவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

இவற்றையெல்லாம்விடக் கஷ்டமானது சாயங்காலம். என் மனைவி எங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் நாசரேத் ஊர்ப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண். ஏழு மணி ஆனால் வீட்டில் ஜெபம். கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் ஜெபம் பண்ணுவாள், நான் கண்ணை மூடி உட்கார்ந்து கடைசியில் ஆமென் சொல்வேன். என் பங்கு அவ்வளவுதான். ஸ்டென்ட் வைத்த பிறகு அவள் ஜெபம் நீண்டுவிட்டது. பிழைக்க வைத்ததற்கு ஸ்தோத்திரம், மகளுக்காக ஸ்தோத்திரம், பிறகு என் முறை வரும். "இவங்க வேலைக்காக உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே. போகும்போதும் வரும்போதும் காத்துக்கொண்டதற்காக ஸ்தோத்திரம்." நான் ஆமென் சொல்வேன். சில நாள் குரல் எழும்பாது. அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள். உடனே இன்னொரு முறை சத்தமாகச் சொல்வேன்.

ஐம்பது நாளை நெருங்கியபோது ஓர் உப்புக் கம்பெனியில் வேலை கிடைத்த மாதிரியே இருந்தது. மேனேஜர் நாளைக்கு வாருங்கள் என்றார். மறுநாள் போனேன். அதே ஆள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நேத்தே ஆள் போட்டாச்சே" என்றார். வெளியே வந்து எப்படிச் சைக்கிளை எடுத்தேன் என்று நினைவில்லை. சாலை முடிந்து, ரயில் தண்டவாளத்துக்கு முன்னால் கிடக்கும் உடைந்த பாதை வந்ததும் நினைவில்லை. ஃபோர்க் பூட்டியபடியே இருந்தது. அந்த வேகத்தோடு குழியில் இறக்கிவிட்டேன். முழங்கை வரை அடி ஏறியது. ஃபோர்க்குக்குள்ளே எதுவோ டக்கென்று முறிந்தது.

அதற்குப் பிறகு திருகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறுமனே சுற்றியது, பூட்டவில்லை. எதிர்க்காற்றில் தலையாட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். கடையில் விட்டுவிட்டு, அவளிடம் பஞ்சர் என்றேன்.

அடுத்த நாள் பஸ்ஸில் ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் போனேன். கேட்டில் வருகிற போகிற வண்டிகளை எழுதுகிற வேலை. தெரிந்தவர் ஒருவர் சொல்லிவைத்திருந்தார். எனக்கு மிச்சமிருந்த கடைசி இடம் அதுதான். உள்ளே ஒரு பெண் கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுல என்ட்ரி போடத் தெரியுமா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். மில்லில் எல்லாம் கையால் எழுதுகிற பேரேடு. கற்றுக்கொள்கிறேன் என்றேன். பார்த்துச் சொல்கிறோம் என்றாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். வேலை முடிகிற நேரம் வரை வீட்டுக்குப் போக முடியாது. மூன்று பஸ்களைப் போகவிட்டேன். எதிரே லாரிகள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. எழுந்து இரண்டு எட்டு முன்னால் வைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இராத்திரி மாத்திரையை அவளுக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்றும் உடனே தோன்றியது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். முன்னறையில் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"மத்தியானம் ஒருத்தர் வந்தாரு" என்றாள். "லாக்கவுட்டு போச்சாமே? இனிமே அது சரியாவாதுன்னு சொல்லுதாரு. ஏன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

லாக்கவுட்டு என்ற சொல்லோடு சேர்த்துத்தான் அவள் சொன்ன மற்றதெல்லாம் என் காதில் விழுந்தது. மில்லிலிருந்து எவனோ வந்து சொல்லிவிட்டான், இனித் திறக்கவே மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டன்னுதான் சொல்லல. டாக்டர் சொன்னாருல்லா. அம்பத்தோரு நாளாச்சு. தெனம் வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு ரோட்டுலதான் அலையுதேன். கேட்டு கேட்டா நின்னு பாத்துட்டேன், ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கான். இன்னைக்குப் போனதும் இல்லன்னு ஆயிட்டு. எனக்கு வேற எடமே இல்ல."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கை நெஞ்சில் இருந்தது. எழுந்து ஓடி நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைத் தேடினேன். அலமாரியில் இருந்ததெல்லாம் தரையில் விழுந்தது. மாத்திரையோடு திரும்பி வந்தபோது அவள் என் கையை விலக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யல, உக்காருங்க" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. "வந்தது சைக்கிள் கடக்காரரு. சைக்கிள உருட்டிட்டு வந்து படிக்குக் கீழ விட்டுட்டு, பஞ்சர் இல்ல மதினி, இதுல லாக்கவுட்டு போச்சுன்னு அந்த நீலத் திருக காட்டுனாரு. சைக்கிளுக்குப் போயி இந்தப் பேர வச்சிருக்கானுவளேன்னு உங்ககிட்ட சொல்லிச் சிரிக்கலாம்னுதான் இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தேன்."

மாத்திரை என் உள்ளங்கையில் வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. டாக்டர் பயந்ததும் நான் பயந்ததும் நடக்கவில்லை. அவள் சாயவில்லை, அழவுமில்லை. கடைசியில் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அம்பத்தோரு நாளும் உங்க வேலைக்கு ஸ்தோத்திரம் சொன்னனே. நீங்க ஆமென் சொன்னீங்களே?"

உன் உயிருக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனால் அவள் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கீழே சிதறிக் கிடந்த மாத்திரைப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அலமாரியில் வைத்தேன்.

ஏழு மணி ஆனது. வழக்கம்போல் பாயை விரித்தாள், வேதாகமத்தை எடுத்து வைத்தாள், உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினேன். அவள் குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"இன்னைக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் அந்த வீட்டில் நான் வாய்விட்டு ஜெபம் பண்ணியதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. பரலோகத்திலிருக்கிற என்று தொடங்கப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை.

"ஆண்டவரே," என்றேன், "எனக்கு வேலை இல்லை."

அதற்கு மேல் வரவில்லை. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன். பிறகு, கண்ணைத் திறக்காமல், முகத்தை நிமிர்த்தாமல், அவள் ஆமென் சொன்னாள்.