மூடுபனிக்குள் போன கோல்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு வால்கோர்னா ஊர் மைதானத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். கேட்டால் சிலர் சொல்வார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். மாற்றுகிற வேகத்தைப் பார்த்தே நடந்தது நிஜம் என்று தெரிந்துகொள்ளலாம்.

1994 ஜனவரி. சான் அந்தோன் என்கிற புனிதரின் திருநாளுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி சொக்கப்பனை கொளுத்துவதற்காகச் சதுக்கத்தில் விறகு குவித்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டம்.

வால்கோர்னா ஆடுவது பிராந்திய லீக்கின் அடிமட்டத்துக்கு ஒரு படி மேலே. அந்தப் படிக்குக் கீழே இன்னொரு லீக் உண்டு. அதற்கும் கீழே உருளைக்கிழங்கு வயல்தான். ஊர் மேயருக்குக் கால்பந்து என்றாலே வேப்பங்காய். "மொத சுற்று முடியும்போது கடைசி எடத்துல கெடந்தீங்கன்னா, மைதானத்த உழுது ஆடு மாடு திங்கக் குதிரைமசால் போட்டுருவேன்" என்று டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உழுவதற்கு ஆளைக்கூடப் பேசி வைத்திருந்தார்.

அன்றைக்குத்தான் முதல் சுற்றின் கடைசி ஆட்டம். எதிராளி எல் சாசோ என்கிற ஊர் அணி. அவர்கள் கடைசி இடம், வால்கோர்னா அதற்கு ஒரு புள்ளி மேலே. டிரா ஆனால் மைதானம் பிழைக்கும். தோற்றால் குதிரைமசால்.

கோலில் நின்றவன் எலாடியோ. முப்பத்தொன்பது வயது, ஆடு மேய்ப்பவன். ஜனவரி ஆடுகள் குட்டி போடுகிற மாதம். அந்த வாரம் முழுக்கக் காட்டுக்கொட்டகையிலேயே கிடந்தான். ஊர்ச் செய்தி எதுவும் அவன் காதில் விழவில்லை. ஞாயிறு மதியம் நேராக மைதானத்துக்கு வந்தான், கையில் குட்டியின் கவிச்சி வாசனையோடு.

பிரமாதமான கோல்கீப்பர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவனிடம் ஒன்று இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆட்டத்தில், நடுவர் கவனிக்காத ஒரு கோலை, "ஐயா, உள்ளதான் போச்சு" என்று தானே ஒப்புக்கொண்டான். அதனால் வால்கோர்னா மேல் பிரிவுக்குப் போகிற வாய்ப்பை இழந்தது. ஊர்க்காரர்கள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. ஆனால் சுற்றுவட்டாரம் முழுக்க, எலாடியோ சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. ஆட்டை விலை பேசும்போதுகூட எவனும் அவன் வார்த்தைக்கு மேல் கேள்வி கேட்பதில்லை. அவன் சம்பாதித்த ஒரே சொத்து அதுதான்.

அன்று காலையிலிருந்தே மூடுபனி. எப்ரோ ஆற்றங்கரையில் குளிர்காலத்தில் அது பிடித்தால் நாலு நாள் விடாது. நாலு மணிக்குக் கொஞ்சம் விலகியது. நடுவில் நின்று பார்த்தால் இரண்டு கோல்கம்பங்களும் மங்கலாகத் தெரிந்தன. நடுவர் சரகோசாவிலிருந்து வந்த சின்னப் பையன். இந்த மட்டத்தில் அவர் ஒருவர்தான், கோட்டில் நிற்க வேறு நடுவர் கிடையாது. "ஆடலாம்" என்றார்.

எலாடியோ கம்பத்தருகே குனிந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கம்பத்தின் அடியில் ஒரு பெரிய ஓட்டை. வைக்கோல் கட்டுகிற கயிற்றால் அதைத் தைக்கத் தொடங்கியிருந்தான். அப்போது விசில். மௌன அஞ்சலி.

இந்த லீக்கில் மாதத்துக்கு இரண்டு தடவையாவது மௌன அஞ்சலி இருக்கும். பழைய உறுப்பினர் யாராவது போய்ச் சேர்ந்திருப்பார். யாருக்கு என்று எவனும் கேட்பதில்லை, தலையைக் குனிந்து நின்றால் முடிந்தது. எலாடியோ குனிந்துதான் இருந்தான், ஆனால் வலையைப் பார்த்து. பனியில் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று முதுகைக் காட்டிக்கொண்டு முடிச்சுப் போட்டான். பாதி முடிச்சு போடுவதற்குள் அடுத்த விசில் வந்துவிட்டது.

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியில் பனி திரும்பி வந்தது. சும்மா வரவில்லை, சுவர் மாதிரி வந்தது. எலாடியோவுக்குப் பெனால்டி புள்ளிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கூச்சல் மட்டும் கேட்டது. அதுவும் தூரத்தில், எதிர்ப்பக்கக் கோலருகே.

அப்போதுதான் பார்த்தான்.

பெனால்டி புள்ளியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். எல் சாசோவின் சிவப்புச் சட்டை. ஒன்பதாம் எண். வலேரோ. எலாடியோவுக்குத் தெரிந்த முகம்தான், ஐந்து வருஷமாக எதிரெதிரே ஆடுகிறவர்கள். நல்ல பையன். காலில் மிதித்துவிட்டால் கைகொடுத்துத் தூக்கிவிடுவான்.

பந்து அந்தக் கோடியில். இவன் இங்கே தனியாக. ஆஃப்சைடில் நிற்கிறானே மடையன் என்று எலாடியோவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தடுப்பாட்டக்காரன் காஸ்தோவைக் கூப்பிட்டான்.

"காஸ்தோ! ஒம்பத விட்டுட்ட பாரு!"

பனிக்குள்ளிருந்து காஸ்தோவின் குரல் வந்தது. "எந்த ஒம்பது?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? எம் முன்னாடி நிக்கிறான்!"

"மாப்ள, குடிச்சிட்டு வந்தியா? இங்க என்கூடதான் அத்தன பேரும் நிக்கிறானுங்க."

வலேரோ அசையவில்லை. எலாடியோ பேசும்போது வாயிலிருந்து ஆவி பறந்தது. குளிர் அப்படி. வலேரோவும் வாயைத் திறந்துதான் வைத்திருந்தான்.

ஆவி வரவில்லை.

எலாடியோவின் சட்டை பனியில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலேரோவின் சட்டை... இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது.

திடீரென்று பந்து வந்தது. யார் அடித்தது என்று தெரியவில்லை. தடுப்பாட்டக்காரர்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. வலேரோ ஓடினான். உறைந்த புல்லில் பூட்ஸின் ஆணி நறுக் நறுக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

உதைத்தான். அது மட்டும் கேட்டது.

டப்.

எலாடியோ பாய்ந்தான். எட்டவில்லை. பந்து இடது கம்பத்துக்கு உள்ளே... சர்ர்ர்... வலையை உரசி, பாதி போட்ட முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, ஓட்டை வழியாகப் பின்னால் உருண்டு போனது.

கோல். சந்தேகமே இல்லை. அவன் கண்ணுக்கு முன்னால், ஒரு முழம் உள்ளே.

நடுவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். பந்து வலைக்கு வெளியே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், பிறகு எலாடியோவைப் பார்த்தார்.

"பனியில எனக்குச் சரியாத் தெரியல. உங்களப் பத்தி எல்லாரும் சொல்லிருக்காங்க. நீங்களே சொல்லுங்க. உள்ள போச்சா?"

காஸ்தோ பக்கத்தில் வந்து நின்றான். அவன் கண் கெஞ்சியது. எலாடியோவுக்குக் கலப்பை தெரிந்தது. மைதானத்தின் நடுவே ஓடுகிற கலப்பை.

"இல்ல" என்றான். "கம்பத்துக்கு வெளிய."

சொன்ன அடுத்த நொடியே முகம் சுட்டது. குளிரில் காதெல்லாம் விறைத்திருந்தவனுக்குக் கழுத்து வரை சூடு ஏறியது.

நடுவரும் காஸ்தோவும் நகர்ந்தார்கள். வலேரோ நகரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"உள்ள போகலயாண்ணே?"

எலாடியோ தரையைப் பார்த்தான்.

"சரிண்ணே."

பிறகு நடுவர் போன திசையில் நடந்து பனிக்குள் போனான். தகராறு பண்ணப் போகிறான் என்று எலாடியோ காத்திருந்தான். எல் சாசோக்காரர்கள் கத்துவார்கள், நடுவர் திரும்பி வருவார் என்று. உள்ளுக்குள், வரட்டும் என்றுகூட நினைத்தான். யாரும் வரவில்லை. நடுவர் கோல்கிக்குக்கு விசில் ஊதினார்.

இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

ஆட்டம் மறுபடி தூரத்துக்குப் போய்விட்டது. எலாடியோ தனியாக நின்றான். அப்போது முதுகுக்குப் பின்னால் சத்தம்.

சர்க்... சர்க்...

கயிறு வலையில் நுழைந்து வருகிற சத்தம். அவனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

சர்க்...

திரும்பிப் பார்க்கலாம். இரண்டடிதான்.

பார்க்கவில்லை.

கழுத்து திரும்ப மறுத்தது.

சர்க்... சர்க்...

நின்றது.

இறுதி விசில் ஊதியதும்தான் திரும்பினான். யாரும் இல்லை. இடது கம்பத்தின் அடியில் ஓட்டை இல்லை. வைக்கோல் கயிற்றால் நெருக்கமாக, ஒழுங்காகத் தைத்திருந்தது. வலை முழுக்கத் தண்ணீர் சொட்டியது. தொட்டுப் பார்த்தான். கயிறு மட்டும் காய்ந்து கிடந்தது.

காஸ்தோ ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். "மாப்ள, ஊரக் காப்பாத்திட்டடா! உன் வாய்க்குச் சக்கரதான்டா போடணும்!" எலாடியோ இறக்கிவிடச் சொன்னான். அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்?

மதுக்கடையில் நிற்க இடமில்லை. வெளியே சொக்கப்பனைக்குத் தீ வைத்துவிட்டார்கள். சாசேஜ் சுடுகிற வாசனை உள்ளே வரை வந்தது. மேயர்கூட வந்திருந்தார். "சரி, சரி, பொழச்சுப் போங்க" என்று கோப்பையைத் தூக்கினார். எல்லாரும் எலாடியோ பெயரைச் சொல்லிப் பாடினார்கள். அவன் சுவரோரம் உட்கார்ந்து கோப்பையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் கூசியது. எவனாவது ஒருவன் தன் முகத்தை உற்றுப் பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும் என்று தோன்றியது. ஒருவனும் பார்க்கவில்லை.

ஊருக்குக் கிளம்புமுன் நடுவர்கள் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். பிராந்தி விட்ட காப்பியோடு அந்தப் பையன் எலாடியோ எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லட்டுமாண்ணே? நீங்க இல்லன்னு சொன்ன பெறகும் நான் கோல் குடுக்கத்தான் இருந்தேன். வலையில உரசுன சத்தம் என் காதுல விழுந்துச்சு. விசில வாயில வெச்சுட்டேன்."

"அப்பறம்?"

"அவங்க ஒம்பதாம் நம்பர் வந்து தடுத்தான். 'வேணாம் சார், எலாடியோ அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்'னான். கோல் போட்டவனே அப்பிடிச் சொல்லும்போது நான் என்ன பண்றது?"

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் திரும்பினார். எல் சாசோ அணியோடு வந்தவர், பெயர் சிப்ரியானோ. கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்.

"எந்த ஒம்பது தம்பி?"

"உங்க ஆளுதாங்க. ஒசரமா, சுருட்ட முடி."

"நாங்க பத்துப் பேர்தான ஆடுனோம்." பெரியவர் மெதுவாகச் சொன்னார். "ஒம்பதாம் நம்பர் சட்டைய வியாழக்கெழம அவனுக்கே போட்டுவிட்டுப் பொதச்சுட்டோம். செவ்வாக்கெழம ராத்திரி லாரி மோதிருச்சு. அவனுக்குத்தான எல்லாரும் மௌனமா நின்னீங்க?"

நடுவர் காப்பியைக் கீழே வைத்தார். "ஆமா... பத்துப் பேர்தான்... ஆட்டத்துக்கு முன்னாடி நானே எண்ணுனேன்..." என்றார்.

பெரியவர் எழுந்து வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். வலேரோ அவருடைய மகன் என்று அப்போதுதான் எலாடியோவுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. கண்ணும் மூக்கும் அப்படியே இருந்தன.

"எலாடியோ, அந்தப் பந்து உள்ள போச்சா?"

பாட்டு தொடர்ந்துகொண்டிருந்தது. மேயர் இரண்டடி தள்ளி நின்றார். காஸ்தோ சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தான். எலாடியோ வாயைத் திறந்தான். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாக வந்தது.

"இல்லங்க" என்றான்.

பெரியவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"இந்த வருஷம் பூரா ஒரு கோல்கூட விழலன்னு ரொம்ப வெசனப்பட்டுக்கிட்டு இருந்தான்" என்றார். "பரவால்ல. வந்து ஆடிட்டுப் போயிருக்கான்ல. அத அவங்கம்மாகிட்டச் சொல்றேன். கோலுன்னும் சொல்ல முடிஞ்சா நல்லாருந்துருக்கும்... இல்லாதத எப்பிடிச் சொல்றது?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். பனி உள்ளே வந்தது. அவர் பேருந்து வரைக்கும் நடந்து போகிற பூட்ஸ் சத்தம் நறுக் நறுக் என்று ரொம்ப நேரம் கேட்டது. எழுந்து ஓடினால் பிடித்துவிடலாம்.

எலாடியோ உட்கார்ந்தே இருந்தான்.