வெளியே காட்டாத வெள்ளை

ஜிஃபா என்றால் மனசு குளிர்ந்தது என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் ஆசையாகத்தான் வைத்தார்கள். ஆனால் அவள் மனசு குளிர்ந்து யாரும் பார்த்ததில்லை. இடிக்குப் பயம், போலீஸுக்குப் பயம், மாமியார் கஃபுயி என்றால் குலைநடுக்கம். பாம்புக்கு மட்டும் பயமில்லை. செவியே என்ற ஊருக்கு வெளியே இருக்கும் மலைப்பாம்புப் பண்ணையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. வயல்காரர்கள் பொந்தைத் தோண்டிச் சினைப் பாம்புகளைக் கொண்டுவருவார்கள். அவை இடும் முட்டைகளை ஈர மணலில் வைத்துக் காப்பது அவள் பாடு. அந்தப் பாம்புக்குப் பயம் வந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும்.

"உன்னை மாதிரியேதான்டி. கடிக்கவும் தெரியாது, ஓடவும் தெரியாது" என்பாள் கூட வேலை பார்க்கும் எனியோனம்.

ஜிஃபா மாசமாக இருந்தபோது ஒரு நாள் காலையில் ஒரு முட்டை கீறிக்கொண்டது. அந்த ஊரில் செத்தவர்களில் ஒருவர் திரும்பி வராமல் குழந்தை பிறப்பதில்லை. அதனால் பிரசவம் ஆனதும் "யாரு வந்திருக்காங்க?" என்றுதான் கேட்பார்கள். எனியோனம் அதைப் பாம்புக் குட்டிக்கும் கேட்டு வைப்பாள்.

"யாரு வந்திருக்காங்க, பாரு."

ஜிஃபா பார்த்தாள். வெள்ளை. அங்கங்கே மஞ்சள் திட்டு, ரத்தச் சிவப்பில் கண். துடைப்பதற்காகக் கையில் எடுத்துவிட்டவள் சட்டென்று அதை மணலிலேயே திரும்ப வைத்தாள். எனியோனம் கிண்டலை மறந்து, செத்தவர்களுக்கென்று மாவு கரைத்த தண்ணீரைத் தரையில் ஊற்றிக் கும்பிட்டாள்.

ஜிஃபாவின் பயத்துக்குக் காரணம் அந்தக் குட்டி மட்டுமல்ல. அவளுடைய தாய்மாமன் ஏதெம் வெள்ளையாகப் பிறந்தவர். கறுத்த அப்பாவுக்கும் கறுத்த அம்மாவுக்கும் பிறந்த வெள்ளைப் பிள்ளை. தெருவில் இறங்கினால் கண் கூசும், கையை நெற்றியில் வைத்துக்கொண்டே நடப்பார். எதிரே வருகிறவர்கள் துப்பிவிட்டுப் போவார்கள். கல்யாணம் பேசும்போது அவரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. தன் வயிற்றில் இருப்பதும் அப்படியே வந்துவிட்டால்? மறைத்தது தெரிந்துவிடும். பிள்ளையும் கையுமாகத் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்விட்டது.

"வயித்துப் புள்ளைக்காரி பாம்பு மூஞ்சில முழிக்காதேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். வெள்ளைக் குட்டியாமே! தொட்டியா?" என்றாள் கஃபுயி.

"இல்ல அத்தே."

பயத்தோடு அந்தப் பொய்யும் சேர்ந்துகொண்டது. மறுநாள் பண்ணை மேலாளர் அயித்தேயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, இதோட அம்மா பழுப்புதானே? அப்புறம் இது மட்டும் எப்படி?"

"நீலக் கண்ணோட முழு வெள்ளையா ஒண்ணு வரும்மா, அது வேற. அதுக்கு அப்பா அம்மா நிறமே லேசா வெளுத்திருக்கும், பாத்தாலே சொல்லிடலாம். இந்தச் செவப்புக் கண்ணு வெளிய காட்டாது. பெத்த பாம்பு சாதாரணப் பழுப்பாத்தான் இருக்கும், உள்ளுக்குள்ள சுமந்துக்கிட்டுத் திரியும்."

"அப்போ தொட்டா..."

"தொட்டா ஒட்டுறதுக்கு இது சொறியா சிரங்கா? அம்மா மட்டும் சுமந்தாலும் வராது. அப்பனும் சுமந்திருக்கணும். அப்பவும் நாலுல ஒண்ணுக்குத்தான்."

அப்பனும் சுமந்திருக்கணும்! ஜிஃபாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கணவன் செலோம் ஒற்றைப் பிள்ளை. அவன் வகையறாவில் வெள்ளை என்ற பேச்சே கிடையாது. அன்றைக்குச் சோளக் களியும் மீன் குழம்பும் வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாள் அடுப்படியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அம்மா மட்டும் சுமந்தா வெள்ளை வராதாம் அத்தே. அப்பன் பக்கமும் இருக்கணுமாம்."

களி கிண்டிக்கொண்டிருந்த கஃபுயியின் துடுப்பு நின்றது.

"எவன்டி சொன்னான்?"

பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பானையில் களி அடிப்பிடித்தது.

அதற்குப் பிறகு கஃபுயி திட்டுவதை நிறுத்திவிட்டாள். திட்டுகிற மாமியாரோடு காலம் தள்ளலாம், திட்டாத மாமியாரை என்ன செய்வது? சாப்பிடும்போது பார்க்கிறாள், படுத்திருக்கும்போது வயிற்றையே பார்க்கிறாள். ஏதெம் மாமா விஷயம் எப்படியோ காதுக்கு எட்டிவிட்டது, பிரசவத்துக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று ஜிஃபா முடிவு கட்டினாள். செலோமிடம் சொல்லலாமென்றால் அவன் லோமே துறைமுகத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

வலி நட்டநடு வெயிலில் கண்டது. மருத்துவச்சியும் கஃபுயியும் உள்ளே, தெருப் பெண்கள் வாசலில். குழந்தை வந்தது, அழுதது. மருத்துவச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜிஃபா தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைத் தோல், சோளக் குஞ்சம் மாதிரி முடி.

"யாரு வந்திருக்காங்க?" வெளியிலிருந்து குரல் வந்தது.

ஜிஃபா முழங்காலை இழுத்து, முகத்தைப் புதைத்துச் சுருண்டுகொண்டாள். பக்கத்தில் காலடிச் சத்தம். கஃபுயி குழந்தையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போகிறாள்.

"அத்தே, வேணாம்! குடுத்துடுங்க, நான் எங்கியாவது போயிடறேன்!"

கஃபுயி திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்து, இடுப்புத் துணியின் முனையால் குழந்தையின் கண்ணுக்கு மேல் நிழல் கட்டினாள். வெளியே கொளுத்துகிற வெயிலை இந்தக் கண் தாங்காது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஜிஃபாவுக்கு அழுகை நின்றுபோயிற்று.

கதவு திறந்தது. கஃபுயி வாசற்படியில் போய் நின்றாள். தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி சொன்னாள்:

"என் மூத்த மக வந்திருக்கா. செலோமுக்கு முன்னாடி பொறந்தவ. உங்க யாருக்கும் காட்டாமலே பொதைச்சேன். இப்பவாவது நல்லாப் பாத்துக்குங்க, அவளையே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கா."