சத்தமில்லாத டிவி

"ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதுக்கு மேல டிவி காட்டக் கூடாது" என்றார் டாக்டர். மலையாளி என்றாலும் தமிழ் நன்றாகவே பேசினார். என் மகளுக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "விளையாட விடுங்க, சத்தமாப் பேசுங்க, பாட்டுப் பாடுங்க, கத்தினா கத்தட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அந்த மனிதரை ஒரே ஒரு பகல் எங்கள் அறையில் அந்தப் பிள்ளையோடு உட்கார வைக்க வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஷார்ஜாவில், ரோலா பகுதியில், துணிக்கடைகளுக்கு மேலே இருந்த பழைய ஃபிளாட் அது. கீழக்கரைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அதைத் தன் பெயரில் எடுத்து, பலகை அடித்துத் தடுத்து, எங்களைப் போன்றவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். ஹாலில் ஒரு பாதி எங்களுடையது. மறுபாதியில் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு எப்போதும் நைட் டூட்டி. நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொன்னால் சுவருக்கே கோபம் வரும், வெறும் ஜிப்சம் பலகை. அவள் அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கம் திடுக்கிடுவேன். என் கணவர் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். விடியும் முன்பே வேன் வந்து சைட்டுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். அவர் போன கொஞ்ச நேரத்தில் நர்ஸ் டூட்டி முடிந்து வந்து படுப்பாள். பகல் முழுக்க அந்தப் பக்கம் ஒருத்தி உறங்க வேண்டும், இந்தப் பக்கம் ஒரு பிள்ளை வளர வேண்டும்.

வெளியே கூட்டிப் போயிருக்கலாமே என்று ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். மே மாதம் வந்துவிட்டால் காலையிலேயே ரோட்டுச் சூடு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறும். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடையில் எவ்வளவு நேரம் சும்மா நிற்பது?

நடக்கப் பழகியதும் மகள் ஓடினாள், டம்ளரைத் தரையில் தட்டினாள், சிரித்தாள். உறக்கம் கலைந்த நர்ஸ் பலகையில் "டொக் டொக்" என்று தட்டுவாள். நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்துவேன். அப்போதுதான் ஊருக்குத் திரும்பிப் போன ஒருவரிடமிருந்து என் கணவர் ஒரு டிவி வாங்கி வந்து மாட்டினார். பொம்மைப் படத்தைப் போட்டு, சத்தத்தை அடியோடு அணைத்து வைத்தேன். பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் சமைத்தேன், துவைத்தேன், முதுகை நிமிர்த்திப் படுத்தேன். கடவுள் கண் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

நாங்களும் அந்த அறையில் வாயைத் திறந்து பேசியதில்லை. பகலில் நர்ஸ் உறங்குவாள், ராத்திரியில் உள் அறைகளில் இருந்தவர்கள் உறங்குவார்கள். எல்லாம் கிசுகிசுப்புதான். புருஷனோடு சண்டை போட்டால்கூடக் கிசுகிசுத்தே போட வேண்டும். அந்த மாதிரிச் சண்டையில் ஒரு திருப்தியும் கிடையாது. வாடகை வாங்க வரும் கடைக்காரர் மகளைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைன்னா இப்புடித்தாம்மா அமைதியா இருக்கணும்" என்று பாராட்டிவிட்டுப் போவார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

குளிர்காலம் வந்ததும் சாயங்காலங்களில் ரோலாப் பூங்காவுக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் அங்கே ஒரு சிறுமி பந்தோடு நின்றாள். என் மகள் அவள் முன்னால் போய் நின்று, புருவத்தை உயர்த்தி, கையை ஆட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு குவிந்தது, விரிந்தது, பல் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். அந்தச் சிறுமி "மம்மி, லுக்" என்று சிரித்தாள். என் மகள் விடாமல் இன்னும் வேகமாக வாயசைத்தாள். அவள் விளையாடவில்லை, பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த டாக்டர். காதைச் சோதித்தார்கள், குறை ஒன்றும் இல்லை. தொண்டையிலும் இல்லை. அழும்போது நன்றாகவே குரல் வந்தது. "பேச்சைக் கேட்டாத்தான் பேச்சு வரும். இனியும் தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் பிள்ளைக்கு வாய் இருந்தது, அவ்வளவுதான்.

டிவியை அணைத்தோம். பிள்ளை அழுதாள். சும்மா அழுகை இல்லை, தரையில் விழுந்து, டிவியைக் காட்டி, மூச்சு முட்ட அழுதாள். நான் சத்தமாகக் கதை சொன்னேன், கையைத் தட்டிப் பாடினேன், பலகையில் தட்டு விழுந்தது. மறுநாளும் விழுந்தது. அதற்கு அடுத்த நாள் தட்டு விழவில்லை, நர்ஸே வந்து கதவருகில் நின்றாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. சண்டைக்கு வருகிறாள் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு எழுந்தேன்.

"எக்கா, நேத்து டூட்டியில கண்ணு சொக்கிப் போச்சு. ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசிய வேற ஆளுக்கு எடுத்துட்டேன். கூட நின்ன நர்ஸ் பிள்ளை பாத்து கையப் பிடிச்சிட்டா. இல்லேன்னா எனக்க லைசென்ஸ் போயிருக்கும். அந்த ஆளுக்கு என்ன ஆயிருக்கும்னு நெனச்சா ஒறக்கமே வரல்ல."

"நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு. எம்புள்ள ஊமையா நிக்குது" என்றேன்.

"எனக்கும் தெரியல்லக்கா" என்று அழுதாள். நானும் அழுதேன். திட்டுவதற்காவது ஒரு ஆள் வேண்டும் என்று இருந்தது எனக்கு. அதுவும் கிடைக்கவில்லை.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அன்று டிவிக்கு முன்னால் நின்றபோதுதான் அது புரிந்தது. போட்டால் பிள்ளைக்குப் பேச்சு இல்லை, போடாவிட்டால் அந்த நர்ஸுக்கு உறக்கம் இல்லை, நாளைக்கு எங்களுக்கு அறையும் இல்லை. கடைக்காரர் தன்மையான மனிதர்தான். "தங்கச்சி, நான் ஒண்ணும் சொல்லல. மத்தவங்க பொழப்பையும் பாக்கணும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தனி வீடு எடுக்க எங்கள் சம்பளம் எட்டாது.

பகலெல்லாம் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். "இது கதவு, இது பூட்டு, இது அம்மா" என்று தொண்டை வறளச் சொன்னேன். ஏறி இறங்குகிறவர்கள் பைத்தியமோ என்று பார்த்தார்கள். அவள் என் உதட்டையே உற்றுப் பார்த்து, அதேபோல வாயசைத்துக் காட்டிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்றைக்குமே இவள் என்னை அம்மா என்று கூப்பிடப் போவதில்லை என்று தோன்றிவிட்டது.

அன்றைக்குச் சோறு போடும்போது என் கணவர் குனிந்தபடியே சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க. அங்க அம்மை இருக்கா, தம்பி பிள்ளைங்க இருக்கு. பேச்சுச் சத்தத்துல கெடந்தா பேச்சு வந்துரும்."

"நீங்க?"

"நான் ஆம்பளைங்க ரூம்ல ஒரு கட்டில் எடத்தப் பிடிச்சு எங்கனயாவது கெடந்துக்கிடுதேன்."

"பிள்ள பேசணும்னா அப்பா இல்லாம இருக்கணும், அப்படித்தான?" என்று கேட்டேன். கிசுகிசுப்பாகத்தான் கேட்டேன். கைகழுவப் போனவர் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதானே அந்தப் பலகைக்குள் வந்து கிடந்தோம். அதை நினைத்து நினைத்துப் பெட்டி கட்டினேன். கிளம்பும்போது நர்ஸ் மகளுக்கு ஒரு கவுன் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷார்ஜா விமான நிலையத்தில் ஒரே கூட்டம், ஒரே இரைச்சல். எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின, யாரும் யாரையும் அடக்கவில்லை. ஒரு எல்லைக்கு மேல் என் கணவரை விடவில்லை. நாங்கள் உள்ளே வந்ததும் நடுவில் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் நின்று கையசைத்தார். அப்பா கூட வரவில்லை என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். "அப்பா!" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். "அப்பா! அப்பா!"

என் கணவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவருக்கு அவள் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. எப்போதும் பார்ப்பதுதானே. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்து கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

உடனே போன் போட்டேன். "கேட்டுச்சா?" என்றேன்.

"என்னது?"

"பிள்ள அப்பான்னு கூப்பிட்டா. வாய் தெறந்து, சத்தமா, உங்களத்தான் கூப்பிட்டா."

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்லச் சொல்லு" என்றார்.

போனை மகளின் வாயருகே வைத்து, "அப்பா சொல்லு தாயி, அப்பா கேக்காரு" என்று கெஞ்சினேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டை அழகாகச் சேர்த்து, பிரித்து, துளிச் சத்தம் இல்லாமல் அப்பாவைக் கூப்பிட்டாள். "ஹலோ, ஹலோ, லைன் இருக்கா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.