உள்ளங்கைக்குக் கேட்ட பாட்டு

நாட்டுப்பாட்டோ கிதார் பாட்டோ, யார் கேட்டாலும் பழசும் புதுசுமாய் அள்ளி அனுப்புவேன். இன்று ஒரு புதுப்பாட்டை நண்பனுக்கு அனுப்பும் முன் கை தானாக ஸ்பீக்கர் மேல் போயிற்று.

அப்போது எனக்கு ஒன்பது வயது. போர்வெல் வண்டி இரைச்சலில் அப்பாவுக்குக் காது மந்தம்; முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அன்று எங்கள் திருச்செங்கோட்டு வீட்டு வாசலில் முதலாளியின் பைக் வந்து நின்றது. அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் பாய்ந்துபோய்க் கேசட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன்.

உள்ளே வந்த முதலாளி கத்தினார்: "எத்தன வாட்டி கூப்புடறது?"

"பாட்டுச் சத்தத்துல கேக்கலீங்க," என்று அப்பாவின் தோளைத் தொட்டேன்.

அப்பா திரும்பினார். முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்து, "பறை நல்லா அதிருதுங்க," என்றார்.

"காது கிழியுது, சத்தத்தக் கொறை சாமி!" முதலாளி சிரித்துவிட்டார்.

இந்தப் புதுப்பாட்டும் அதிர்கிறது. நண்பன் காத்திருக்கட்டும், முதலில் அப்பாவுக்கு.