ஏழு நாள் சூடு

சோதனை அடுப்பின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அனலுக்கு அவள் பின்வாங்குவதில்லை. கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு, உள்ளே வரிசையாகத் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளை எண்ணுவாள். கேபிள் தொழிற்சாலையின் சோதனை அறையில் பதினெட்டு வருஷமாக இதே வேலை. கம்பிமேல் போர்த்திய உறையை உரித்து, நூற்று முப்பத்தைந்து டிகிரியில் ஏழு நாள் காயவிட்டு, பிறகு இழுத்துப் பார்ப்பது. எல்லோருக்கும் அவள் 'அடுப்பக்கா'.

வீட்டில் அவள் பால் காய்ச்சினால் பொங்கி வழிந்துவிடும். "அங்க ஒரு டிகிரி ஏறினா ஓடுவா. இங்க அடுப்பே அணைஞ்சாலும் தெரியாது" என்பார் கணவர். உறவினர் வீட்டுக்குப் போனால், முதலில் வெந்நீர் ஹீட்டருக்குப் பின்னால் ஓடும் வயரைத் தடவிப் பார்ப்பாள். வீட்டாரை நலம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த உறை உள்ளுக்குள் இழைக்கு இழை முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக், சூட்டில் உருகாது, நாற்பது வருஷம் அசையாது என்று விற்பனைப் பிரிவினர் அடித்துச் சொல்வார்கள். அவளுக்குச் சிரிப்பு வரும். "உருகாதுதான், யார் இல்லேன்னா? சூடும் காத்தும் சேந்தா உருகாமலே உளுத்துப்போகும். உள்ள கலந்த காப்பு மருந்து தீர்ற வரைக்கும் மினுமினுன்னு இருக்கும். தீந்துச்சுன்னா காஞ்ச சருகுதான்."

போன மாதம், ஒரு மருத்துவமனையின் கொதிகலன் அறைக்குப் போகவேண்டிய கேபிள் சோதனைக்கு வந்தது. "தேறிடும்ல?" என்று மேலாளர் மூன்று முறை எட்டிப் பார்த்தார்.

"எனக்கென்ன சார் தெரியும், அடுப்பைத்தான் கேக்கணும்."

ஐந்தாம் நாள் காலை, அடுப்பின் பின்புறக் காற்றுத் திறப்பு இறுக மூடியிருந்தது. காற்றை அடைத்துவிட்டால் நோஞ்சான் பட்டையும் பயில்வானாக வெளியே வரும். இந்த ரகசியம் அங்கே இரண்டே பேருக்குத் தெரியும்: அவளுக்கும் மேலாளருக்கும். அவள் யாரையும் கேட்கவில்லை. திறப்பைத் திறந்தாள். அதே கேபிள் சுருளிலிருந்து புதுப் பட்டைகள் வெட்டித் தொங்கவிட்டு, பலகையில் 'முதல் நாள்' என்று எழுதினாள்.

"லாரி வாசல்ல நிக்குதும்மா" என்றார் மேலாளர்.

"நிக்கட்டும் சார். அங்க நல்ல காத்து."

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, அந்த ஏழு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று கணவரிடம் கேட்டாள். "பால் காய்ச்சக் கத்துக்கோ" என்றவர், மறுநாள் வழக்கமில்லாத வழக்கமாகப் பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்துவந்தார்.

ஏழாம் நாள் மேலாளர் பேனாவைத் திறந்துகொண்டே நுழைந்தார், அவள் கையெழுத்துக்காக. அவள் ஆறிய பட்டை ஒன்றை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே கொஞ்சம் வளைச்சுப் பாருங்க சார்."

இரண்டு விரலால் பூப்போலத்தான் வளைத்தார். பட்டை படக்கென்று ஒடிந்தது. துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கண்ணால் குப்பைக்கூடையைத் தேடினார்.

சுருளின் எண்ணைக் காலையிலேயே எழுதி வைத்திருந்த, தேறாத பட்டைகளுக்கான கவரின் வாயை விரித்து, அவள் அவர் கைக்குக் கீழே பிடித்தாள்.