விபத்தே நடக்காத வளைவு

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சின்னப்பொண்ணு.

"யக்கா! கம்பி போட்டுட்டாங்க! வந்து பாத்துட்டுப் போங்க. அண்ணனையும் இட்டுக்கினு வாங்க."

நான் போட்ட சத்தத்தில் பாதர் திரும்பிப் பார்த்தார். கம்பி போட்டதற்கு ஒரு பொம்பளை இப்படியா துள்ளுவாள் என்று உங்களுக்கும் தோன்றும். கம்பி என்றால் ரோட்டு வளைவில் வண்டி கீழே விழாமல் இருக்கப் போடுகிற இரும்புத் தடுப்பு. அந்தத் தடுப்புக்காக, வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்லும் நான், போலீஸ் கேஸில் குற்றவாளி ஆனேன். நிஜமாகத்தான். பதறாதீர்கள், சொல்கிறேன்.

போன வருஷம் புரட்டாசி. கல்வராயன் மலையில், வெள்ளிமலை ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு சின்ன ரோடு. அதன் கடைசியில் ஒரு சின்ன ஊர். அங்கே நர்ஸாக இருக்கும் என் தோழியின் பிள்ளைக்குப் பிறந்த நாள். சங்கராபுரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போவதற்குள் கேக் உருகிவிடும் என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

"மலை ரோடு ரீட்டா. வேணாம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

யார் சொல்வது? இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் திரும்புகிற மகானுபாவர்! அவர் வண்டி ஓட்டும் லட்சணத்தை இதே பக்கத்தில் மூன்று தடவை கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். நீங்களும் சிரித்தீர்கள். நானோ இருபத்தெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன் — ஒரு அபராதம் கிடையாது, ஒரு கீறல் கிடையாது. அந்தத் திமிரோடு கிளம்பினேன்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போதுதான் லேசான தூறல். வளைவில் ஜல்லி இறைந்து கிடந்தது. பிரேக்கைத் தொட்டேன்... அவ்வளவுதான். ரோடு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன்.

ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே சாமை விதைத்த காடு. ஈர மண்ணில் பொத்தென்று விழுந்தேன். தலையில் ஹெல்மெட் இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன். எழுந்திருக்கப் பார்ப்பதற்குள் ஒரு குரல் கேட்டது.

"வாங்க வாங்க. எந்திரிக்காதீங்க யக்கா. மொதல்ல காலு ரெண்டையும் ஆட்டிப் பாருங்க. ஆடுதா? கையி? சரி, ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க, எல்லாரும் இங்கதான் வுழுவாங்க!"

கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்கிற மாதிரி ஒரு வரவேற்பு. அதுதான் சின்னப்பொண்ணு. நாற்பது வயசு இருக்கும். காடு அவருடையது. காட்டை ஒட்டி ஒரு பெரிய புளியமரம், அதற்குப் பின்னால் அவர் வீடு. என் ஸ்கூட்டர் அந்த மரத்தில் போய்ச் சாய்ந்து நின்றது.

கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. துணியை நனைத்துக் கட்டினார். சூடாகச் சாமைக் கஞ்சியும் ஊறுகாயும் வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், பிறந்த நாள் பிரியாணியைவிட அது ருசி. அதைக் குடித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

காடு முழுக்கக் கண்ணாடி!

பைக்குகளில் பக்கவாட்டில் இருக்குமே, பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும் கண்ணாடி, அது. வட்டம், சதுரம், விரிசல் விட்டது, பாதி போனது. குச்சி நட்டு, கயிறு கட்டி, வரிசையாகத் தொங்கின. காற்றில் ஆடின. வெயில் லேசாக வந்ததும் காடே பளிச் பளிச் என்றது.

"இதெல்லாம் என்ன?"

"வுழுந்தவங்களுதுங்க. ஒடஞ்சி போச்சின்னு வுட்டுட்டுப் பூடுவாங்க. கதிரு புடிக்கிற நேரத்துல கிளியும் குருவியும் ஜாஸ்தி. இது மின்னுனா கிட்ட வராது." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "உங்களுதும் லெப்ட் சைடு தனியா வந்துடுச்சிங்க. வேணுங்களா?"

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்வது?

அப்புறம்தான் வீட்டுக்குள் ஒன்றைக் கவனித்தேன். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளின் பாயும் தலையணையும் சமையல் கட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. முன் அறை காலியாகக் கிடந்தது. "ஏன் இங்கே?" என்றேன்.

"போன மழைக்கு ஒரு லோடு வண்டி வுழுந்துச்சிங்க. மரம்தான் தாங்குச்சி. ஒரு பெரிய கெளையே போச்சி, மரமும் சாஞ்சிடுச்சி. மரம் போச்சின்னா அடுத்தது அந்த ரூமு செவுருதான். அதான் புள்ளைங்கள இங்க படுக்க வெக்கிறேன்."

சாதாரணமாகச் சொன்னார். நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

தடுப்பு கேட்டு மனு கொடுக்கவில்லையா? கொடுத்திருக்கிறார். கிராம சபையில் ஒன்று, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளில் இரண்டு. வந்த பதிலை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த இடத்தில் விபத்து எதுவும் பதிவாகவில்லை என்று அதில் இருந்தது. விபத்தே நடக்காத வளைவு! காடு முழுக்கக் கண்ணாடி தொங்குகிறது, அய்யா!

எனக்குக் கோபம் வந்தால் நல்லதுக்கில்லை. "நான் பார்த்துக்கறேன்" என்று மார் தட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸ்டாண்ட் சரியாப் போடல. வண்டி சாஞ்சுது. புடிக்கப் போயி கை சுளுக்கிக்கிச்சு." கண்ணாடியும் அதிலேயே உடைந்ததாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பத்து நாள் கழித்து நானும் சின்னப்பொண்ணும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். ரோடு பாதுகாப்பு வேலைகளைப் பார்க்கும் இன்ஜினியரைச் சந்தித்தோம். இளைஞர், மரியாதையாக உட்காரச் சொன்னார். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து அதைக் கெடுத்துவிட்டார்.

"மேடம், தடுப்புக்குப் பணம் தனியா வருது. ஆனா லிஸ்ட் போட்டுத்தான் வரும். எங்க விபத்து ஜாஸ்தியோ அந்த எடம் லிஸ்ட்ல மேல இருக்கும். விபத்துன்னா ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். இருக்கணும். இந்த வளைவுக்கு ஒண்ணுகூட இல்ல. இல்லாத எடத்துக்கு நான் எழுதுனா, மேல கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க."

யோசித்துப் பார்த்தேன். தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை என்று பெரிய ரோட்டில் போனால் வழி நெடுகத் தடுப்பு. அங்கே விழுந்தால் ஆம்புலன்ஸ் வருகிறது, போலீஸ் வருகிறது, பேப்பரில் வருகிறது. சின்ன ஊரில் விழுந்தால் சின்னப்பொண்ணு வருகிறார். கஞ்சி வருகிறது. விழுந்தவர் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார். சிலருக்கு லைசென்ஸ் இல்லை, சிலருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, எல்லோருக்கும் அடிவாரத்து ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. யார் போய் எழுதிக் கொடுப்பார்கள்?

அப்போதுதான் சின்னப்பொண்ணு, கொண்டு வந்திருந்த சிமெண்ட் சாக்கை எடுத்து மேஜை மேல் வைத்து வாயை அவிழ்த்தார். கண்ணாடிகள்! காட்டில் இருந்ததை எல்லாம் கழற்றி வந்திருக்கிறார். எனக்கே தெரியாது.

"இந்தாங்க சார். இதான் எங்ககிட்ட இருக்குது."

பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். இன்ஜினியர் ஒரு கண்ணாடியைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

"புரியுதும்மா. ஆனா இத பைல்ல சேக்க முடியாதே... ஒருத்தராச்சும் புகார் குடுத்திருந்தா, அதக் காட்டி நான் நேர்ல வந்து பாத்து எழுதலாம். ஒண்ணே ஒண்ணு போதும்."

சின்னப்பொண்ணு சாக்கைக் கட்டினார். "நான் கஞ்சி குடுத்து அனுப்பாம இருந்திருந்தா, எவனாச்சும் கோவத்துல ஸ்டேஷனுக்குப் போயிருப்பான் போலங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் என் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் உள்ளவள், இன்ஷூரன்ஸ் உள்ளவள், ஹெல்மெட் போட்டவள், மணிக்கட்டுக்கு டாக்டர் சீட்டு வைத்திருப்பவள் — அங்கே ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு வாய் வரவில்லை. ஏன்? வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும்! மூன்று தடவை எழுதினாளே, அந்த மானம் போய்விடும்!

பஸ் ஸ்டாண்டில் சின்னப்பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடுங்க யக்கா. நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெருசு. மரம் இன்னும் ஒரு மழை, ரெண்டு மழை தாங்கும்."

அந்த நிமிஷம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. புள்ளைங்க தூக்கத்தைவிட என் கௌரவம் பெரிசா? மறுநாள் காலை அடிவாரத்து ஸ்டேஷனில் நின்றேன். ரைட்டர் பேனாவைத் திறந்தார்.

"யாரு மேல புகார் மேடம்?"

"ரோட்டு மேல."

"ரோட்டு மேல எல்லாம் கேஸ் போட முடியாதுங்க. வண்டி ஓட்டுனது யாரு?"

"நான்."

"வேற வண்டி மோதுச்சா?"

"இல்ல."

"அப்ப உங்க மேலதான் போடணும். பரவால்லிங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். எழுதிவிட்டுப் படித்துக் காட்டினார். மேற்படி ரீட்டா என்பவர் வண்டியை 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டி...

"சார், இருபதுலதான் வந்தேன்! சைக்கிளே என்னை முந்திச்சு!"

"வாசகம் அப்படித்தாங்க வரும்."

ஒரு வினாடி என் கையில் பேனா நின்றது. சமையல் கட்டில் சுருட்டி வைத்த பாய் ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்காரரிடம் அந்தக் காகிதத்தை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுந்து நின்றார். பூசையில் வாசகம் வாசிப்பாரே, அதே குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "அதிவேகமாகவும்... அஜாக்கிரதையாகவும்..." இரண்டு தடவை.

"ஸ்டாண்ட் போடாத வண்டி அவ்ளோ வேகமாவா சாஞ்சுது?" என்றார்.

அவர் சிரித்து முடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "வலிச்சா சொல்ல வேண்டியதுதானே ரீட்டா..." அதில் கிண்டல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இத பத்தியும் எழுதுவல்ல?" என்றார். அதில் இருந்தது.

இன்ஜினியர் சொன்ன சொல் தவறவில்லை. வந்தார், நின்றார், அளந்தார். சாய்ந்த மரத்தையும் சுவரையும் போட்டோ எடுத்தார். மீட்டிங்கில் அந்த வளைவும் லிஸ்ட்டில் ஏறியது என்று போனில் சொன்னார். விபத்துகள் என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று இருந்ததாம். அந்த ஒன்று அடியேன்தான். என்னைத் தொடர்ந்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தைரியமாகப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சீனியர்.

ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. அந்த ஊர், ஸ்டேஷனில் சொல்லவில்லை. நான் வீட்டில் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே 'ஒன்றும் ஆகவில்லை' என்று துடைத்துக்கொண்டு போவது பழக்கம். சொல்லாத வலிக்கு யார் தடுப்பு போடுவார்கள்?

போன ஞாயிறு மத்தியானமே கிளம்பினோம். வண்டி அவர் ஓட்டினார், நான் பின்னால். வளைவில் பளபளவென்று தடுப்பு. அதற்கு முன்னால் புது போர்டு: விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, என்னை அந்த போர்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, வேணும் வேணும் என்று நாலு போட்டோ எடுத்தார்.

சின்னப்பொண்ணு கஞ்சியோடு காத்திருந்தார். ஒரே ஒரு குறை அவருக்கு. "இன்னா யக்கா, கம்பி போட்டதுல இருந்து ஒருத்தரும் வுழல. கண்ணாடி வரத்தே நின்னு போச்சி. இந்தத் தரம் கிளி ஜாஸ்திங்க!"

உள்ளே எட்டிப் பார்த்தேன். முன் அறையில், அந்தச் சுவரை ஒட்டி, இரண்டு பாய். இரண்டு தலையணை. சின்னவள் அதில் காலை நீட்டிக் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி புளியமரத்தைத் தட்டிப் பார்க்கப் போனார்.

வாழ்க்கையில் உருப்படியாக நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது என்றால், அது ஸ்டேஷனில் பதிவாகியிருக்கிறது — அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்!